வேஸ்ட் ஆயில் பர்னர் நம்ம பட்டறையிலயே செய்யறது எப்படி: முழுமையான வழிகாட்டி

இது பழைய எஞ்சின் ஆயில எரிச்சு அலுமினியம் உருக்கறதுக்கு, இரும்பு பழுக்க வைக்கறதுக்கு, பெரிய அண்டாவுல தண்ணி சூடு பண்றதுக்குன்னு சின்னப் பட்டறையில வைக்கிற பர்னர். இரும்புப் பானைக்குள்ள இருக்கற சூட்டுக் கிண்ணத்துல ஆயில் சொட்டு சொட்டா விழும், ப்ளோயர் காத்து சுத்தி வந்து அத எரிக்கும், அவ்வளவுதான் விஷயம். வெல்டிங் தெரிஞ்சவருக்கு ஒரு நாள் வேலை. ஆனா செய்யறதுல யாரும் மாட்டறதில்ல, ஓட்டறதுலதான் மாட்டறாங்க, எப்ப காத்த விடணும் எப்ப ஆயில விடணும்ங்கற வரிசை தப்பாப் போய்தான் முகத்துல நெருப்பு வாங்கிக்கறாங்க. அதனால 7ம் 9ம் 11ம் பகுதிய மட்டும் ரெண்டு தடவ படிச்சிட்டு அப்புறம் கிரைண்டர கையில எடுங்க.

1. முதல்ல இத முடிவு பண்ணுங்க

எவ்ளோ சூடு வேணும்? ஒரு லிட்டர் வேஸ்ட் ஆயில் எரிஞ்சா சுமாரா 10 யூனிட் கரண்டுக்கு சமமான சூடு வரும். மணிக்கு 2 லிட்டர் எரிச்சா 20 கிலோவாட், வீட்டு கேஸ் அடுப்போட பெரிய பர்னர் சாதாரணமா சுமார் 3 கிலோவாட்தான் வரும், யோசிச்சிக்கோங்க. இங்க சொல்ற அளவெல்லாம் மணிக்கு ஒன்றரையிலேர்ந்து 2 லிட்டர் எரிக்கிற பர்னருக்கு. புதுசா செய்யறவங்க இதவிட பெருசா போகாதீங்க.

சமையலுக்கு இது வேண்டவே வேண்டாம். எஞ்சின் ஆயில்ல துத்தநாகம் கலந்த மருந்து இருக்கும், ஓடி ஓடி தேய்ஞ்ச உலோகத் தூளும் இருக்கும், அது புகையோட சேர்ந்து போய் சட்டியில படியும். மிக்சர் போடறேன், நெல்லு அவிக்கிறேன்னு கேக்கறவங்களுக்கு என் பதில் இதேதான்.

இன்னொன்னு, பழைய ஆயில் சட்டப்படி அபாயகரமான கழிவு, 2016 விதிகள்ல வருது. தொழிலா தினமும் எரிக்கிறதா இருந்தா கடலூர்க்காரங்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துலயும் பாண்டிக்காரங்க அவங்க மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமத்துலயும் முன்னாடியே கேட்டுடுங்க. பக்கத்து வீட்டுக்காரர் புகார் குடுத்தப்புறம் ஓடறதுக்கு இது மேல். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை பக்கம் குடியிருக்கறவங்களுக்கு புகைன்னா என்னன்னு நாம சொல்லித் தர வேண்டியதில்ல, அவங்க சும்மா விடமாட்டாங்க, விடவும் கூடாது.

2. எந்த ஆயில் ஆவும், எது ஆவாது

கார், லாரி, டிராக்டர் எஞ்சின் ஆயில் நல்லா எரியும். கியர் ஆயில், ஹைட்ராலிக் ஆயில் கலந்து இருந்தாலும் ஓடும், கொஞ்சம் கெட்டியா இருக்கும் அவ்வளவுதான்.

பைக் மெக்கானிக் கடை ஆயில்ல மட்டும் உஷாரா இருங்க. கார்புரேட்டர் கழுவின பெட்ரோலையும் அதே கேன்லதான் ஊத்தி வச்சிருப்பாங்க. டெஸ்ட் பண்றது சுலபம்: ஒரு ஸ்பூன் ஆயில தகர மூடியில எடுத்துக்கிட்டு கேன விட்டு நல்லா தள்ளிப் போய், நீளமான குச்சியில தீ வச்சு கிட்ட காட்டுங்க. சுத்தமான எஞ்சின் ஆயில் சூடு பண்ணாம சட்டுனு பத்தாது. பத்திக்கிச்சுன்னா அதுல பெட்ரோல் இருக்கு, மொத்தக் கேனையும் திருப்பிக் குடுத்துடுங்க. டீசல் கலந்து ஓட்டிக்கலாமா அண்ணேன்னு கேப்பாங்க, பெட்ரோல் எவ்ளோ இருக்குன்னு தெரியாத ஆயில்ல எத கலந்தும் பிரயோஜனமில்ல.

கடலூர் முதுநகர் துறைமுகத்துலயும் பாண்டி தேங்காய்த்திட்டு துறைமுகத்துலயும் மீன்பிடி படகு எஞ்சின் ஆயில் ஈஸியா கிடைக்கும். ஆனா அதுல நிறைய உப்புத் தண்ணி ஏறினதா இருக்கும். பால் கலந்த டீ கலர்ல கொழகொழன்னு இருந்தா தண்ணி ஆயிலோட கலந்து கெட்டிப்பட்டுப் போச்சுன்னு அர்த்தம், அது எத்தன நாள் வச்சாலும் பிரியாது. உப்பு வேற பானைய அரிச்சிடும். கருப்பா, தெளிவா இருக்கறத மட்டும் எடுங்க.

தொடவே கூடாதது: பழைய டிரான்ஸ்ஃபார்மர் ஆயில் (பிசிபி-ங்கற விஷம் இருக்க வாய்ப்பிருக்கு), பிரேக் ஆயில், கூலன்ட், பெயின்ட் தின்னர், குளோரின் கலந்த டிகிரீசர் (கிரீஸ் கழுவற திரவம்). கடைசில சொன்னது எரிஞ்சா வர்ற வாயு நுரையீரல காலி பண்ணிடும்.

ஓட்டல்ல பொரிச்ச பழைய எண்ணெயும் எரியும், ஆனா பைப்புல பிசின் மாதிரி படியும், அடிக்கடி கிளீன் பண்ணணும். எஞ்சின் ஆயில்ல கை பழகினதுக்கு அப்புறம் அத பாத்துக்கலாம்.

3. ஆயில தயார் பண்றது

தண்ணிதான் பெரிய எதிரி. தாளிக்கிற எண்ணெயில ஈரக் கடுகு விழுந்தா எப்படித் தெறிக்குமோ அதேதான் இங்கயும், ஆனா இங்க அடியில பழுத்த இரும்பு இருக்கு. தண்ணி ஆவியானா சுமார் 1,600 மடங்கு விரியும், அந்த வேகத்துல எரியற ஆயில வெளிய தூக்கி அடிச்சிடும்.

ஒரு வாரம் டிரம்ம அசைக்காம வெயில்ல வைங்க. சூட்டுல ஆயில் இளகும், தண்ணியும் மண்டியும் கீழ இறங்கிடும். அடியிலேர்ந்து மூணு இன்ச் மேல குழாய் போட்டு அதுவரைக்கும் மட்டும் எடுங்க, கீழ இருக்கறத எடுக்க ஆசப்படாதீங்க. அடுப்புல வச்சு தண்ணிய வத்த வைக்கறேன்னு சில பேர் இறங்குவாங்க, நுரை பொங்கி அடுப்புல வழியும், அந்த வேலையே வேண்டாம்.

எடுத்தத சோதிக்க ஒரு கரண்டிய நல்லா சூடு பண்ணி நெருப்ப விட்டு எடுத்து ரெண்டு சொட்டு விடுங்க, கண்ணாடி போட்டுக்கிட்டு. படபடன்னு சத்தம் வந்தா தண்ணி இன்னும் இருக்கு.

அப்புறம் வடிகட்டணும். முதல்ல டீ வடிகட்டி, அதுக்கு அப்புறம் 100 மெஷ் ஸ்டீல் வலை. துணியில வடிக்காதீங்க, நூல் பிரிஞ்சு போய் வால்வுல மாட்டிக்கும்.

ஐப்பசி கார்த்திகை மழையில டிரம்ம வெளிய நிக்க வச்சிருந்தா மேல மூடிய சுத்தி தண்ணி தேங்கும், ராத்திரி குளிர்ல டிரம் சுருங்கறப்போ மூடி இடுக்கு வழியா அத உள்ள இழுத்துக்கும். மூடி நல்லா இறுக்கித்தானே இருக்குன்னு நம்பி ஏமாறாதீங்க. கொட்டகையில வைங்க, இல்லன்னா டிரம்ம படுக்க வச்சு ரெண்டு மூடியும் ஒரே மட்டத்துல பக்கவாட்டுல வர்ற மாதிரி திருப்பி விடுங்க, அப்ப மூடி மேல தண்ணி நிக்காது.

4. சாமான் லிஸ்ட்டு

பழைய இரும்புக் கடையில முக்கால்வாசி கிடைச்சிடும். பாண்டி மேட்டுப்பாளையம் லாரி ஷெட்டு பக்கம் போனா பிரேக் டிரம்மும் தடிச்ச பைப் துண்டும் கிடைக்கும்.

பானைக்கு 6 இன்ச் எம்.எஸ். (சாதா இரும்பு) பைப் ஒரு அடி நீளம், சுவர் 5 மி.மீ.க்கு குறையாம. அடிக்கு 10 மி.மீ. பிளேட். உள்ள வைக்க வார்ப்பு இரும்புக் கிண்ணம், வாய் 4 இன்ச், ஆழம் ஒரு இன்ச் ஒன்றரை இன்ச். காத்துக்கு ஒன்றரை இன்ச் எம்.எஸ். பைப் ரெண்டடி. ஆயிலுக்கு முக்கால் இன்ச் இல்லன்னா அரை இன்ச் எம்.எஸ். பைப், ஒரு டீ (மூணு வாய் வச்ச பைப் ஜாயின்ட்), ஒரு பிளக், ஒரு புனல். ஒரு பால் வால்வு (முழுசா திறந்து மூட), ஒரு நீடில் வால்வு (சொட்ட கூட்டிக் குறைக்க), ஒரு சோலனாய்டு வால்வு (கரண்ட்ல வேலை செய்யறது). கொல்லுப்பட்டறையில வைக்கிற சின்ன எலக்ட்ரிக் ப்ளோயர். 20 லிட்டர் தகர டின். உலர் பவுடர் தீயணைப்பான் ஒண்ணு, மணல் பக்கெட் ரெண்டு, பானை வாய மூடற மாதிரி நீளக் கைப்பிடி வச்ச பிளேட் ஒண்ணு.

ஜிஐ பைப்ப சூடு படற இடத்துல போடாதீங்க. மேல இருக்கற துத்தநாகப் பூச்சு ஆவியாகும், அத சுவாசிச்சா ராத்திரி குளிர் காய்ச்சல் அடிக்கும். டெஃப்லான் டேப்பும் சூட்டுப் பக்கம் ஆவாது.

பழைய கேஸ் சிலிண்டரையோ ஆயில் டிரம்மையோ வெட்டி பானை செய்யலாம்னு வீடியோவுல காட்டுவாங்க. காலியா இருக்கற டிரம்முல தங்கின ஆவிதான் வெடிக்கும், கிரைண்டர் பொறி ஒண்ணு போதும். அம்பது நூறு மிச்சம் பண்றேன்னு அதுல இறங்காதீங்க.

5. பானையும் காத்துப் பைப்பும்

அடிப் பிளேட்ட சுத்தி முழுசா வெல்டு பண்ணுங்க, அங்கங்க டேக் போட்டு விட்டா ஆயில் கசியும். மூணு கால் வச்சு தரையிலேர்ந்து ஒரு அடி தூக்கி நிறுத்துங்க. நாலு கால் வேண்டாம், மேடு பள்ளத்துல ஆடும்.

காத்துப் பைப் அடியிலேர்ந்து 4 இன்ச் உயரத்துல சேரணும். நடுவ பாத்து நேரா விடாம பானையோட உள் சுவர ஒட்டினாப்ல விடணும், அப்பதான் காத்து சுழலும். நேரா விட்டா கிண்ணத்துல இருக்கற தீய ஊதி அணைச்சிடும், எதிர் சுவர் மட்டும் ஓட்டையாகும். புதுசா செய்யறவங்க இத பாதிப் பேர் தப்பா வைப்பாங்க, ஏன்னா நேரா வெட்டி ஒட்டறது வெல்டருக்கு சுலபம், நீங்க கூட நின்னு சொன்னாத்தான் சாய்ச்சு வெட்டுவார்.

ப்ளோயர் பக்கம் பைப் கொஞ்சம் உசந்து, பானை பக்கம் தாழ்ந்து இருக்கணும். எதாவது காரணத்துல பானையில ஆயில் நிறைஞ்சாலும் மோட்டார் பக்கம் ஓடாது. ப்ளோயர் வாயில ஒரு ஸ்லைடு தகடு போட்டுடுங்க, காத்த கூட்டிக் குறைக்க அதான். ரெகுலேட்டர் வச்சு மோட்டார் வேகத்த குறைக்கிறது எல்லா மோட்டாருக்கும் ஆவாது, சூடாகி காயில் போயிடும்.

பானைக்கு மேல என்ன வச்சாலும் 4 இன்ச் இடைவெளி விடணும். அண்டாவ நேரா வாய் மேல உக்கார வச்சா புகை போக வழியில்லாம தீ காத்துப் பைப்புல திரும்பும்.

6. ஆயில் லைன்

வரிசை இப்படி: டின், பால் வால்வு, சோலனாய்டு, நீடில் வால்வு, அப்புறம் ஒரு இன்ச் வெறும் இடைவெளி, அதுக்குக் கீழ புனல், புனலுக்குக் கீழ யூ வளைவு, அதுக்கப்புறம் பானைக்குள்ள போற சாய்வு பைப்.

அந்த ஒரு இன்ச் இடைவெளி எதுக்குன்னா ஆயில் எவ்ளோ விழுதுன்னு கண்ணால பாக்கறதுக்கு. மூடின பைப்பா போட்டா வால்வு அடைச்சுதா, கூடுதா ஒண்ணும் தெரியாது. புனல் பானைய விட்டு குறைஞ்சது மூணடி தள்ளி இருக்கட்டும்.

யூ வளைவு அரை அடி ஆழம் போதும். அதுல எப்பவும் ஆயில் நின்னுக்கிட்டு இருக்கும், பானையோட சூட்டுக் காத்து புனல் வழியா மேல வராம அது தடுக்கும். வளைவுக்கு அப்புறம் டீ போட்டு, டீயோட பின்பக்கத்துல பிளக். பானைக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கற பைப் நுனியில கரி கட்டும், அது கண்டிப்பா நடக்கும், நெருப்பு ஆறினதும் பிளக்க கழட்டி நேரா கம்பி விட்டுக் குத்தினா போயிடும். அதுக்காகத்தான் அந்தத் துண்டு வளைவில்லாம நேரா இருக்கணும்னு சொல்றேன். நுனி சரியா கிண்ணத்து நடுவுக்கு மேல முடியட்டும்.

டின் பானையிலேர்ந்து பத்தடி தள்ளி, பானை வாய விட மூணடி உசரத்துல. பானைக்கு நேர் மேல வைக்கவே கூடாது. ரப்பர் டியூப், பிளாஸ்டிக் டியூப் எதுவும் வேண்டாம், முழுக்க இரும்பு இல்லன்னா செம்பு.

7. கரண்ட் போனா ஆயில் தானா நிக்கணும்

இத விட்டுட்டு செய்யறவங்கதான் அதிகம், ஏன்னா இது இல்லாமலும் பர்னர் ஓடும். கரண்ட் போற வரைக்கும்.

கரண்ட் போனா ப்ளோயர் நிக்கும், ஆயில் நிக்காது, அது மேலேர்ந்து தானா இறங்கறது. தீ அணைஞ்ச சூட்டுக் கிண்ணத்துல விழுந்து வெள்ளைப் புகையா கிளம்பும். அந்தப் புகை எரியாத ஆயில் ஆவி, பானை முழுக்க நிறைஞ்சிருக்கும். ரெண்டு நிமிஷத்துல கரண்ட் வரும், ப்ளோயர் தானா ஓடும், காத்து பட்டதும் மொத்தமா குப்புனு பிடிக்கும். எட்டிப் பாத்துக்கிட்டு இருந்தா புருவம் மட்டும் போனா அதிர்ஷ்டம்.

அதனால கரண்ட் இல்லாதப்போ மூடியே இருக்கற வகை சோலனாய்டு வால்வு ஒண்ணு போட்டு ப்ளோயரோட அதே லைன்ல சேருங்க. கடையில வாங்கும்போது ரெண்டு விஷயம் கேளுங்க. ஒண்ணு, பிரஷரே இல்லாம திறக்கிற நேரடி வகை வேணும். தண்ணி மோட்டார் லைனுக்கு போடற வகை திறக்க ஓரளவு பிரஷர் கேக்கும், நம்ம டின் உசரத்துல வர்ற பிரஷர் அதுக்குப் பத்தாது, வால்வு கெட்டுப்போச்சுன்னு நெனச்சு திருப்பிக் குடுக்கப் போவீங்க. ரெண்டாவது, உள்ள இருக்கற சீல் நைட்ரைல் ரப்பராவோ விட்டான் ரப்பராவோ இருக்கணும், ஈபிடிஎம் ரப்பர் ஆயில்ல ஊதிடும்.

ப்ளோயர சாதா சுவிட்சுல போடாம டிஓஎல் ஸ்டார்ட்டர் மாதிரி பச்சை பட்டன் அழுத்தினாத்தான் ஓடற மாதிரி வைங்க. கரண்ட் வந்தாலும் நீங்க வந்து அழுத்தற வரைக்கும் ஒண்ணும் தானா கிளம்பாது. செலவு அதிகம்தான். நான் யாருக்குச் செஞ்சு குடுத்தாலும் இது இல்லாம குடுக்கறதில்ல.

8. எங்க வைக்கிறது

வெளிய, சிமென்ட் தரையில. கீத்துக் கொட்டகை, கீத்து வேலி, காஞ்ச சவுக்கு குவியல் பக்கத்துல எல்லாம் கூடாது. மூடின ரூம்ல ஓட்டினா கார்பன் மோனாக்சைடு சேரும், வாசனை இல்லாத விஷம் அது.

நம்ம கடலூர், பாண்டி பக்கம் பெரும்பாலும் காலையில காத்து மேற்கேர்ந்து வரும், மத்தியானம் கடல் காத்து கிழக்கேர்ந்து திரும்பும். அதனால டின்ன பானைக்குக் கிழக்கயோ மேற்கயோ வைக்காதீங்க, ஒரு வேளைக்கு இல்லன்னா இன்னொரு வேளைக்கு தீ அந்தப் பக்கம் சாயும். வடக்கயோ தெற்கயோ வைங்க.

கண்ணாடி, ஷூ, காட்டன் சட்ட பேன்ட். லுங்கி கட்டிக்கிட்டு கிட்ட நிக்காதீங்க, பாலியஸ்டர் போட்டாலும் உருகி தோல்ல ஒட்டும்.

9. பத்த வைக்கிற வரிசை

காத்து முதல்ல, ஆயில் அப்புறம். கிண்ணம் பழுக்காம ஆயில் கிடையாது.

முதல் நாள் ஆயில் லைன மட்டும் தனியா ஓட்டிப் பாருங்க. புனலுக்கு மேல இருமல் மருந்து மூடி, 10 மில்லி அளவு போட்டது, அத பிடிங்க. 20 நொடியில நிறைஞ்சா நிமிஷத்துக்கு 30 மில்லி, அதாவது மணிக்கு 1.8 லிட்டர். இதுதான் முழு ஓட்டம். வால்வு எவ்ளோ திறந்தா இது வருதுன்னு பெயின்ட்டால ஒரு கோடு போட்டுடுங்க.

அடுத்து கிண்ணத்துல டீசல் நனைச்ச பஞ்சு வேஸ்ட் கையளவு வச்சு, மேல கொட்டாங்குச்சிய உடைச்சுப் போட்டு, நீளக் குச்சியால பத்த வைங்க. பெட்ரோல் ஊத்தாதீங்க. பண்ருட்டி பக்கத்து ஆளுங்க முந்திரி ஓடு போடலாமேன்னு கேப்பாங்க, நல்லாவே எரியும், ஆனா அந்தப் புகை கண்ண எரிக்கும், அந்த எண்ணெய் கையில பட்டா தோல் வெந்துடும், கொட்டாங்குச்சியே போதும்.

தீ பிடிச்சதும் ப்ளோயர் போட்டு ஸ்லைட கால்வாசி மட்டும் திறங்க. பத்துப் பதினஞ்சு நிமிஷத்துல கிண்ணம் மங்கலா சிவக்கும். சிவந்தாச்சான்னு எட்டிப் பாக்காதீங்க, தள்ளி பக்கவாட்டுல நின்னு பாருங்க.

சிவந்ததும், தீ இன்னும் எரியும்போதே, நொடிக்கு ஒரு சொட்டு வீதம் ஆயில் விடுங்க. பைப்புல இறங்கி வர கொஞ்ச நேரம் ஆகும், வரலையேன்னு இன்னும் திறந்துடாதீங்க, மொத்தமா வந்து விழும். சத்தம் மாறி தீ மேல வரும். அப்ப காத்த கொஞ்சம், ஆயில கொஞ்சம், மறுபடி காத்த கொஞ்சம்னு மாத்தி மாத்தி ஏத்துங்க, எப்பவும் காத்துதான் ஒரு படி முன்னாடி போகணும். முழு ஓட்டத்துக்கு வர இன்னொரு பத்து நிமிஷம்.

முதல் அரை மணி நேரம் புனல விட்டு கண்ண எடுக்காதீங்க. வெயில் ஏற ஏற டின்ல ஆயில் இளகும், வால்வ தொடாமலே சொட்டு கம்பி மாதிரி ஒழுக ஆரம்பிச்சிடும். காலையில செட் பண்ணிட்டு டீ குடிக்கப் போனவர் திரும்பி வந்து கரும்புகைய பாக்கறது இதனாலதான்.

10. தீய பாத்து புரிஞ்சிக்கறது

வெளிர் மஞ்சள் தீ, குட்டையா, ஒரே சீரான இரைச்சல், புகை கண்ணுக்குத் தெரியல, இப்படி இருந்தா சரி.

கரும்புகைன்னா ஒண்ணு ஆயில் அதிகமா விழுது, இல்லன்னா கிண்ணம் இன்னும் சூடாகல. எல்லாரும் உடனே காத்தக் கூட்டுவாங்க. மொதல்ல ஆயில குறைங்க, கிண்ணத்துல தேங்கினது எரிஞ்சு முடியட்டும், அப்புறம் காத்த பாக்கலாம்.

குப் குப்னு விட்டு விட்டு எரிஞ்சா காத்து அதிகம். அதோட படபடப்பும் தெறிப்பும் இருந்தா தண்ணி, நிறுத்திட்டு ஆயில மாத்துங்க.

வெள்ளைப் புகைதான் ஆபத்து. தீ அணைஞ்சிருக்கு, ஆயில் ஆவியாகிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். பால் வால்வ மூடுங்க, தள்ளிப் போங்க. ப்ளோயர் நின்னிருந்தா போடாதீங்க, ஓடிக்கிட்டு இருந்தா ஓடட்டும். தீக்குச்சிய போடவே போடாதீங்க. புகை தானா நின்னு பானை ஆறினதுக்கு அப்புறம் ஒரு பக்கமா நின்னு ப்ளோயர அஞ்சு நிமிஷம் ஓட்டி ஆவிய வெளியேத்திட்டு, மறுபடி கொட்டாங்குச்சியிலேர்ந்து ஆரம்பிங்க. பாதி வழியில சேர முடியாது.

கிண்ணம் தாண்டி தீ வெளிய பரவினா பால் வால்வ மூடி, ப்ளோயர நிறுத்தி, பிளேட்டால பானை வாய மூடுங்க. தரையில ஓடினதுக்கு மணல், பவுடர். தண்ணி ஊத்தினா தீ தரை முழுக்க ஓடும். அடங்கலன்னா 101.

11. நிறுத்தறது

பால் வால்வ மூடுங்க, ப்ளோயர மூடாதீங்க. பைப்புல இருக்கறதும் கிண்ணத்துல இருக்கறதும் எரிஞ்சு தீ தானா சின்னதாகி அணையும். அதுக்கு அப்புறமும் பத்து நிமிஷம் காத்து ஓடட்டும், கிண்ணம் கருக்கட்டும், அப்பதான் சிவப்பு பட்டன். வேலை முடிஞ்ச அவசரத்துல ரெண்டையும் ஒண்ணா நிறுத்தினா 7ல சொன்ன அதே வெள்ளைப் புகை வரும்.

12. மறுநாள் வேலை

நல்லா ஆறினதுக்கு அப்புறம் கிண்ணத்து கரிய உளியால தட்டி எடுங்க, பைப் நுனிய கம்பியால குத்துங்க. கரி கெட்டியா படிஞ்ச கிண்ணத்துல சூடு ஏறாது, அடுத்த தடவ ஆரம்பத்துலயே புகையும். கிண்ணம் மெலிஞ்சா மாத்துங்க, பானைய ஒண்ணும் பண்ண வேண்டாம், அதுக்குத்தான் கிண்ணத்த வெல்டு பண்ணாம சும்மா உக்கார வைக்கிறது.

சாம்பல வாழை மரத்துக்குப் போடாதீங்க, அதுல உலோகம் இருக்கு. மாஸ்க் போட்டு அள்ளி, மூடி வச்ச டின்ல சேத்து வச்சு, டிரம் அடியில தங்கின மண்டியோட சேத்து, பழைய ஆயில் எடுக்க அனுமதி வாங்கினவங்ககிட்ட குடுங்க. சாக்கடையில ஊத்தினா அது கெடிலம் ஆத்துக்கோ உப்பனாறுக்கோதான் போய்ச் சேரும்.

உப்புக் காத்துல வெளிப்பக்கம் சீக்கிரம் துரு ஏறும். சூடு தாங்கற அலுமினியம் பெயின்ட் ஒரு கோட்டு அடிச்சு, ஓட்டாத நாள்ல பானை வாய்க்கும் ப்ளோயர் வாய்க்கும் மூடி போட்டு வைங்க, இல்லன்னா ஒரு மழைக்கே கிண்ணத்துல தண்ணி நிக்கும், அடுத்த தடவ பத்த வைக்கும்போது பாக்க மறந்துடுவீங்க.